எச்சரிக்கை: குழந்தைக்கு ஆபத்தில்லாத கிளீனர்னு நம்ப வெச்சு 2,340 ரூபாய் பறிச்சுட்டாங்க

இன்னும் கோபம் அடங்கல, ஆனா இப்பவே எழுதிடறேன். வேற எந்தக் குழந்தை வீட்டுக்கும் இந்தக் கேன் போகக் கூடாது.

என் பாப்பா தவழற பருவம். தரையில கிடக்கிறது எல்லாம் நேரா வாய்க்குத்தான் போகும். அதனால, வீட்டுத் தயாரிப்புன்னு விக்கிற ஒரு இன்ஸ்டாகிராம் பேஜ்ல ஃப்ளோர் கிளீனர் விசாரிச்சேன். வேப்பிலை, எலுமிச்சை, பூந்திக்கொட்டை மட்டும்தானாம், 99.9 சதவீதம் கிருமி சாகுமாம். உள்ள என்னென்ன சேர்க்கிறீங்கன்னு கேட்டதுக்கு அந்தப் பொண்ணு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினா. "அக்கா, என் பாப்பாவும் தவழறாதான். எங்க வீட்டுல இதைத்தான் போட்டுத் துடைக்கிறேன், பயப்படாதீங்க." பின்னாடி ஒரு குழந்தை சிணுங்கற சத்தம் வேற கேட்டுச்சு. அந்தச் சத்தம்தான் என்னை 2,340 ரூபாயை ஜிபே பண்ண வெச்சது.

வந்தது அஞ்சு லிட்டர் கேன். பச்சை இலை ஸ்டிக்கர் தவிர ஒரு எழுத்து கிடையாது. நான் பார்த்துத் தள்ளி வைக்கிறதுக்குள்ள, வேலைக்கு வர்ற அக்கா ஹாலைத் துடைச்சு முடிச்சிருந்தாங்க. பக்கெட் தண்ணி பாலா வெளுத்திருக்கு, மூக்கைத் துளைக்கிற பினாயில் நெடி. பூந்திக்கொட்டைத் தண்ணி நுரைக்கும், இப்படி வெளுக்கவே வெளுக்காது. சாயங்காலம் பாப்பாவோட முழங்காலும் உள்ளங்கையும் சிவந்து தடிச்சுப் போச்சு. டாக்டர் முதல்ல கேட்டதே, "அதுல என்ன போட்டிருக்கு?" என்னத்தைச் சொல்ல?

பேஜுக்கு போட்டோ அனுப்பினேன். "வேப்பெண்ணெய் வீரியம் அக்கா, பழகிடும்." அப்புறம், "தண்ணி கம்மியா கலந்திருப்பீங்க." பணத்தைக் கேட்டதும், "லிக்விட் ஐட்டத்துக்கு ரிட்டர்ன் இல்லை." கடைசியில பிளாக். 2,340 ரூபாய்! பாப்பா உடம்பு எரிஞ்சு அழுததுக்கு என்ன கணக்கு?

எப்படிப் பார்த்து வாங்கறதுன்னு விரிவா எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போ முடியல. தயாரிப்பாளர் பேரு, முழு முகவரி, பேட்ச் நம்பர், தயாரிச்ச மாசம், உள்ள இருக்கிற பொருள் இதெல்லாம் இல்லாத கேனைத் தொடாதீங்க. மூலிகைன்னாலே பாதுகாப்புன்னு அர்த்தம் இல்லை, கற்பூரமும் யூகலிப்டஸ் தைலமும் வயித்துக்குள்ள போனா குழந்தைக்கு விஷம். தினசரி தரைக்குச் சோப்புத் தண்ணியே போதும். வாந்தி, பேதி ஆன இடத்துக்கு மட்டும் கிருமிநாசினி, அதுவும் லேபிள்ல சொன்ன நேரம் ஈரமா நிக்கணும். பிளீச்சிங்கையும் டாய்லெட் ஆசிடையும் சேர்த்துடாதீங்க, குளோரின் வாயு கிளம்பும். ஏமாந்தவங்க பணம் அனுப்பின ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காம, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணிப் புகார் கொடுங்க. நான் கொடுத்துட்டேன்.