பார்லி மாவா, கேழ்வரகு மாவா?

கஞ்சிக்கு எந்த மாவு நல்லது என்று கேட்டால், யார் குடிக்கப்போகிறார்கள் என்றுதான் திருப்பிக் கேட்பேன்.

பார்லி மாவைக் கரைத்துக் காய்ச்சிப் பாருங்கள். கொதி வந்த சற்று நேரத்தில் கரண்டியில் வழவழவென்று ஒட்டும். பலருக்கு அது பிடிக்காது. ஆனால் விஷயமே அந்த வழவழப்பில்தான் இருக்கிறது. அது பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார்ச்சத்து. சாப்பாட்டிலுள்ள சர்க்கரை இரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைக்கும். பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றுவதால் கெட்ட கொழுப்பும் குறையும். இதற்கு நாளுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கானாவது வேண்டும். ஒரு டம்ளர் நீர்க்கஞ்சியில் அவ்வளவு வராது. அடையிலும் சப்பாத்தியிலும் கலந்துகொள்ளலாம். புரதமும் 100 கிராமுக்குச் சுமார் 10 கிராம். கேழ்வரகில் 7 தான்.

கால்சியம் என்று வந்தால் கேழ்வரகை அசைக்க முடியாது. 100 கிராமில் சுமார் 340 மில்லிகிராம் இருக்கும். பார்லியில் சுமார் 30 தான். வளரும் பிள்ளைகளுக்கு நான் கேழ்வரகைத்தான் காய்ச்சுவேன். சர்க்கரை உள்ளவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: நைசாக அரைத்த மாவுக் கஞ்சி சீக்கிரம் செரித்து, இரத்தத்தில் சர்க்கரை ஏறிவிடும்.

அப்புறம், பார்லியில் குளூட்டன் என்ற புரதம் உண்டு. சீலியாக் நோய், அதாவது குளூட்டன் சேர்ந்தால் குடல் கெடும் நோய், உள்ளவர்களுக்கு அது ஆகவே ஆகாது, கேழ்வரகுதான்.