அளவைக் கேட்ட பிறகே தரை ஓடுகளைக் காட்டிய கடை

மதுரையில் எங்கள் பழைய வீட்டின் கூடத்துக்கும் குளியலறைக்கும் தரை மாற்றுவதற்காக, புறவழிச் சாலையிலுள்ள ஒரு டைல்ஸ் கடைக்கு மனைவியுடன் சென்றிருந்தேன். விற்பனையாளர் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கவில்லை. அறைகளின் நீள அகலத்தையும், வீட்டில் முதியவர்கள் இருக்கிறார்களா என்பதையும்தான் முதலில் கேட்டார்.

கூடம் 200 சதுர அடி. பெட்டிக்கு 16 சதுர அடி என்று கணக்கிட்டு, 13 பெட்டிகள் போதும் என எண்ணியிருந்தேன். 600 மி.மீ. ஓடு இரண்டு அடியைவிடச் சற்றுக் குறைவு என்பதால், நான்கு ஓடுகள் கொண்ட பெட்டி ஏறத்தாழ 15.5 சதுர அடியையே மூடும் என்றும், வெட்டுச் சேதாரத்துக்கு 10 விழுக்காடு கூட்டினால் 15 பெட்டிகள் தேவைப்படும் என்றும் அவர் தாளில் எழுதிக் காட்டினார். வண்டியில் ஏற்றுவதற்கு முன், எல்லாப் பெட்டிகளிலும் தொகுதி எண் (ஒரே முறை தயாரான ஓடுகளுக்குரிய எண்; அது மாறினால் நிறமும் சற்று மாறலாம்) ஒன்றாக இருக்கிறதா என்று எங்கள் கண்முன்னே சரிபார்த்ததை நான் மிகவும் மதிக்கிறேன். முன்பு வேறொரு கடையில் குறைந்துபோன இரண்டு பெட்டிகளைப் பின்னர் வாங்கியதால், எங்கள் சமையலறைத் தரை இன்றும் இரு நிறமாகத்தான் இருக்கிறது.

என் தாயார் எழுபதைக் கடந்தவர் என்று அறிந்ததும், குளியலறைக்கு நாங்கள் தேர்ந்தெடுத்திருந்த விலை கூடிய பளபளப்பு ஓடுகளை விற்பனையாளரே ஒதுக்கி வைத்தார். சொரசொரப்பான ஓட்டின் மீது நீர் தெளித்து, ஈரக் காலால் மிதித்துப் பார்க்கச் சொன்னார். சரக்கு ஒரு நாள் தாமதமாக வந்தது. ஆனால் அதை முந்தைய மாலையே தொலைபேசியில் தெரிவித்துவிட்டதால், கொத்தனாரின் கூலி வீணாகவில்லை. பிரிக்காமல் மிஞ்சிய ஒரு பெட்டியை ரசீதைப் பார்த்து முழுத் தொகைக்கே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.