வீடு மாறும்போது பிராட்பேண்ட் துண்டிப்பு: எந்த வழியை நம்பலாம், காசு எங்கே போகும்

வேகத்தையும் கட்டணத்தையும் வைத்துத்தான் பிராட்பேண்ட் நிறுவனங்களை எல்லோரும் எடை போடுகிறோம். விலகிப் போகும் வாடிக்கையாளரிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் மதிப்பிட வேண்டும். அந்தக் கணக்கில் பெரும்பாலான சேவைகளுக்கு 5-க்கு 2 மதிப்பெண் கொடுத்தாலே அதிகம். புது இணைப்பு என்றால் ஆப்பில் பதிந்தவுடன் ஆள் கூப்பிடுகிறார். துண்டிப்பு என்றால் பல ஆப்களில் அதற்கான பட்டனே இல்லை.

வீடு மாறுகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, இணைப்பைப் புது வீட்டுக்கு மாற்றுவதா, முடித்துக்கொள்வதா என்பதை. மாற்றுவது சுலபம் என்று தோன்றும். ஃபைபரில் அது பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற வேலை இல்லை. வீட்டிலுள்ள ஓஎன்டி பெட்டி (ஃபைபரில் வரும் ஒளியை நெட்டாக மாற்றித் தரும் கருவி), எக்ஸ்சேஞ்சில் இருக்கும் கருவியின் குறிப்பிட்ட ஒரு போர்ட்டில் சீரியல் நம்பரோடு பதியப்பட்டிருக்கும். புது வீடு வேறொரு ஸ்பிளிட்டரில் (ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டியில்) வரும். அந்த ஸ்பிளிட்டரில் காலி இடம் இருந்தால்தான் கேபிள் இழுக்க முடியும். ஆகவே "எங்கள் ஏரியாதான், வரும்" என்ற பதிலை நம்பக் கூடாது. புது முகவரிக்கு ஃபீசிபிலிட்டி (அங்கே இணைப்பு தர முடியுமா என்பதை) பார்த்து எழுத்தில் சொல்லச் சொல்லுங்கள். பழைய பெட்டியைப் புது வீட்டில் நீங்களே செருகிப் பார்த்தால் விளக்குகளே நிலைமையைச் சொல்லிவிடும். லாஸ் (LOS) விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வந்து சேரவில்லை. பான் (PON) விளக்கு நிற்காமல் மினுக்கினால் ஒளி வருகிறது, பெட்டி இன்னும் பதிவாகவில்லை. அது நிறுவனத்தின் பக்கம் முடிக்க வேண்டிய வேலை.

ஷிஃப்டிங், அதாவது இணைப்பைப் புது வீட்டுக்கு மாற்றக் கேட்கும்போது மூன்று விஷயங்களை மின்னஞ்சலில் கேட்டு வாங்கிவிடுங்கள். ஒப்பந்தக் காலம் புதிதாக முதல் நாளிலிருந்து ஓடுமா? இப்போதைய பிளான் அப்படியே தொடருமா, இல்லை நடப்பு பிளானுக்கு மாற்றுவார்களா? கேபிள், பொருத்தும் கூலி யார் பொறுப்பு? இவற்றில் முதல் கேள்விதான் முக்கியம். 10 மாதம் முடித்த ஒருவரின் கணக்கு, ஷிஃப்டிங் என்ற பெயரில் மறுபடி 12 அல்லது 24 மாத ஒப்பந்தமாக மாறிவிடலாம். துண்டிக்கக் கேட்கும்போது தள்ளுபடி கொடுத்துத் தக்கவைக்கப் பார்க்கும் ஃபோன் அழைப்புகளிலும் இதே கதைதான்: "சரி" என்று சொன்னால், தள்ளுபடியோடு புது ஒப்பந்தமும் சேர்ந்து வரும்.

முடித்துக்கொள்வதாக இருந்தால் ஒப்பந்தத்தில் குறைந்தபட்சக் காலம், நோட்டீஸ் காலம் இரண்டையும் பாருங்கள். வீடு மாறுவது மட்டுமே அபராதத்திலிருந்து விடுபடப் போதிய காரணம் ஆகாது. புது முகவரியில் அந்த நிறுவனத்தால் சேவை தர முடியாது என்றால் நிலைமை வேறு. பல ஒப்பந்தங்களில் அதற்கு விலக்கு உண்டு. அதனால் ஃபீசிபிலிட்டி "இல்லை" என்று வந்த பதிலைப் பத்திரப்படுத்துங்கள். துண்டிப்பே நோக்கமாக இருந்தாலும், முதலில் ஷிஃப்டிங் கேட்டு அந்த "இல்லை"யை வாங்கி வைப்பது நல்ல உத்தி.

வருடச் சந்தா கட்டியவர்கள் திரும்பி வரும் பணத்தைத் தவறாகக் கணக்கிடுகிறார்கள். 10 மாதக் கட்டணம் கட்டினால் 12 மாதம் என்ற பிளானில் 5 மாதம் ஓடியிருக்கிறது என்று வையுங்கள். மீதி 7 மாதம், ஆகவே 10-ல் பன்னிரண்டில் ஏழு பங்கு, அதாவது 5.8 மாதக் கட்டணம் திரும்ப வரும் என்று எதிர்பார்ப்போம். நிறுவனம் ஓடிய 5 மாதத்துக்கும் சலுகையில்லாத மாதக் கட்டணத்தைக் கழித்து, மீதி 5 மாதக் கட்டணத்தைத்தான் காட்டும். சேரும்போது தள்ளுபடி செய்த இன்ஸ்டலேஷன் கட்டணத்தையும் அதில் பிடிக்க ஒப்பந்தத்தில் இடம் இருக்கலாம். முன்பணம் திருப்பித் தரப்படாது என்றே எழுதியிருக்கும் பிளானாக இருந்தால், சந்தா முடியும் மாதத்தை ஒட்டி வீடு மாறப் பார்ப்பதோ, வீட்டுக்கு அடுத்து வருகிறவர் பெயருக்கு இணைப்பை மாற்றிக் கொடுப்பதோ மேல். பெயர் மாற்றத்தை நிறுவனத்தின் வழியாகவே செய்யுங்கள். பாஸ்வேர்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போனால், அந்த இணைப்பில் நடப்பதற்கெல்லாம் உங்கள் பெயர்தான் பொறுப்பு.

எந்த வழியில் கேட்பது? கஸ்டமர் கேர் ஃபோன் எங்கள் மதிப்பீட்டில் கடைசி. கோரிக்கை பதிவானதா என்பது தெரியாது. நோட்டீஸ் காலம் என்றைக்குத் தொடங்கியது என்பதற்கும் சாட்சி இருக்காது. பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்து எழுதுவது நல்லது: கணக்கு எண், முகவரி, துண்டிக்க வேண்டிய தேதி, கருவியை எப்படி ஒப்படைப்பது என்ற கேள்வி, இவ்வளவு போதும். பதிலில் டிக்கெட் நம்பர் வராவிட்டால் கோரிக்கை பதிவாகவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நேரில் போக அலுவலகம் இருந்தால் அதுதான் சிறந்த வழி. முத்திரை போட்ட நகல் கையோடு கிடைக்கும். கேபிள் இழுத்த டெக்னீஷியனிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வருவது கணக்கில் ஏறவே ஏறாது.

சண்டை அதிகம் வருவது கருவியை ஒப்படைக்கும் இடத்தில்தான். பெட்டியைக் கவிழ்த்தால் கீழே லேபிளில் மேக் முகவரி (பெட்டியின் நெட்வொர்க் அடையாளம்), சீரியல் நம்பர் என்று இரண்டு எண்கள் இருக்கும். பெரும்பாலும் இரண்டுமே 12 எழுத்து நீளம் என்பதால் மாற்றி எழுதிவிடுகிறார்கள். மேக் முகவரியில் 0 முதல் 9 வரை எண்களும் ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் மட்டுமே வரும். சீரியல் நம்பர் தயாரிப்பாளரின் நான்கெழுத்துக் குறியோடு தொடங்கும். பிறகு எட்டு இலக்கம். சில லேபிளில் அந்த நான்கெழுத்தும் எண்ணாக மாறி, மொத்தம் 16 இலக்கமாக அச்சாகியிருக்கும். ஹுவாவே பெட்டி என்றால் 48575443 என்று ஆரம்பிக்கும். ரசீதில் இருக்க வேண்டியது சீரியல் நம்பர். "ரவுட்டர் 1" என்று மட்டும் எழுதித் தரும் ரசீதை வாங்காதீர்கள்.

அடாப்டரையும் லேபிளோடு படம் எடுங்கள். 12 வோல்ட் அடாப்டர்கள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். சொந்த ரவுட்டருடையதை மாற்றிக் கொடுத்துவிட்டால், நிறுவனத்தினுடையது வரவில்லை என்று டெபாசிட்டில் கழிப்பார்கள். செட்டாப் பாக்ஸ், ரிமோட், வைஃபை எட்டும் தூரத்தைக் கூட்டும் மெஷ் பெட்டி எல்லாம் இதே கணக்கில் வரும். பச்சைத் தலையோடு சுவரிலிருந்து வரும் ஃபைபர் வயரை வெட்டவோ சுருட்டி மடிக்கவோ வேண்டாம். மூடி போட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். செருகியிருக்கும் ஃபைபரின் முனையைக் கண்ணருகே கொண்டுபோகக் கூடாது, அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத 1490 நானோமீட்டர் ஒளி.

பெட்டியைத் திருப்பித் தருவதாக இருந்தால் ரீசெட் துளையில் ஊசியை 10 விநாடி அழுத்தி வைஃபை பாஸ்வேர்டுகளை அழித்துவிடுங்கள். அதே பெட்டி புது வீட்டுக்கு வருகிறது என்றால் ரீசெட் செய்யவே வேண்டாம். லாகின், விலான் (VLAN) என்று நிறுவனம் பெட்டியில் எழுதிவைத்த அமைப்புகள் அழிந்துபோய், டெக்னீஷியன் வந்து மறுபடி எழுதும்வரை நெட் வராது.

தேதியில் கொஞ்சம் தாராளம் வேண்டும். புது வீட்டில் நெட் ஓடத் தொடங்கி நான்கைந்து நாள் கழித்தே பழையதைத் துண்டிக்கும் தேதி வையுங்கள். அந்த சில நாள் கட்டணம் வீணில்லை. நிலையான ஐபி (மாறாத இணைய முகவரி) வைத்துக் கேமரா பார்ப்பவர்களும், அந்த இணைப்போடு வந்த லேண்ட்லைன் எண்ணைத் தக்கவைத்துக்கொள்ள நினைப்பவர்களும் அதற்குள் மாற்றத்தை முடித்துவிட வேண்டும். கணக்கு மூடிய பிறகு எண்ணை மீட்பது மிகக் கடினம். பிளானோடு சேர்ந்து வந்த ஓடிடி சந்தாக்களும் அன்றே நிற்கும்.

ஆட்டோபேயை முன்கூட்டியே நிறுத்துவது பலர் செய்கிற தவறு. கடைசி பில் கழியாமல் திரும்பினால் தாமதக் கட்டணம் ஏறும். கணக்கும் "கோரிக்கையின்படி மூடப்பட்டது" என்றில்லாமல் "பாக்கிக்காகத் துண்டிக்கப்பட்டது" என்று பதிவாகி, டெபாசிட் அங்கேயே சிக்கிக்கொள்ளும். கருவி ரசீது கைக்கு வந்து, கடைசி பில் கட்டி, பாக்கி பூஜ்யம் என்ற மின்னஞ்சலும் வந்த பிறகு, நிறுவனத்தின் ஆப்பில் ஒருமுறை, வங்கியில் ஒருமுறை என்று இரண்டு இடத்திலும் ரத்து செய்யுங்கள். டெபாசிட் திரும்ப வரும் வங்கிக் கணக்கையோ கார்டையோ அதுவரை மூடாதீர்கள். அடுத்த இரண்டு பில் தேதிகளிலும் வங்கிக் கணக்கை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மூடிய கணக்குக்குப் பணம் பிடித்தால், டிக்கெட் நம்பரும் அந்த ரசீதும் இருந்தால் ஒரே மின்னஞ்சலில் திரும்பக் கேட்டுவிடலாம்.