திருவக்கரைப் பக்கத்து கிரஷர்: எம் சாண்ட் எடுக்கலாம், பி சாண்ட் வேண்டாம்

கடலூரில் சின்ன வீடுகளாகக் கட்டிக் கொடுக்கிறவன் நான். தென்பெண்ணை மணலெல்லாம் பழைய கதை. இப்போது பாறையை உடைத்துச் செய்கிற எம் சாண்ட்தான். கூத்தப்பாக்கத்தில் நடக்கிற வேலைக்குத் திருவக்கரைப் பக்கம் ஒரு கிரஷரில் நேரடியாக எடுக்கிறேன். குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் பெயர் போடவில்லை.

கேட்டால் உள்ளே விட்டுக் காட்டுகிறார்கள், அதுவே பெரிய விஷயம். பாறை ஜா கிரஷரில் உடைந்து, கோனில் சிறுத்து, கடைசியில் வி.எஸ்.ஐ. மெஷினுக்குப் போகிறது. அங்கே கல்லோடு கல் மோதி முனை மழுங்கினால்தான் அது மணல். இந்த மெஷினே இல்லாமல், ஜல்லி உடைக்கும்போது விழுகிற டஸ்டைச் சலித்து எம் சாண்ட் என்று தள்ளிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது தட்டையாகவும் ஊசி ஊசியாகவும் இருக்கும். கலவை கரண்டிக்கு மசியாது, கொத்தனார் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பார், கான்கிரீட்டின் பலம் அதோடு போச்சு.

இவர்கள் கழுவித்தான் தருகிறார்கள். ஈர மணலை உள்ளங்கையில் பிசைந்து உதறினால் லேசாகச் சாம்பல் நிறம் ஒட்டுகிறது, அவ்வளவுதான். துளி பவுடர்கூட இருக்கக் கூடாது என்று சண்டைக்கு வருகிற வீட்டுக்காரர்களுக்கு ஒரு தகவல்: கல்லை நொறுக்கிச் செய்கிற மணலில் 150 மைக்ரான் சல்லடையைத் தாண்டுவது 20 சதவீதம் வரை இருக்கலாம் என்று ஜல்லி, மணலுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 383 சொல்கிறது. கொஞ்சம் பவுடர் இருந்தால்தான் கலவை பிடிப்பாக வரும்.

பூச்சுக்கு எடுத்த பி சாண்ட்தான் சொதப்பல். 2.36 மில்லிமீட்டருக்குக் கீழே இருக்க வேண்டிய மணலில் குருணை குருணையாகக் கல். மட்டப்பலகையை இழுத்தால் சுவரில் கோடு விழுகிறது. மறுபடி சலிக்க வேண்டியதாயிற்று; சித்தாள் கூலியை யார் தருவது? போன் செய்தேன். “சல்லடை கிழிஞ்சிருச்சு சார், அடுத்த லோடுல பாத்துக்கலாம்” என்றார்கள். அடுத்த லோடும் அதே குருணை. இப்போது பி சாண்டை வேறு இடத்தில் எடுக்கிறேன்.

அளவு சரியாக இருக்கிறது, ஆனாலும் டேப் போட்டுவிடுங்கள். யூனிட் என்றால் 100 கன அடி. எனக்கு வருகிற டிப்பர் பாடி 14 அடி நீளம், ஏழரை அடி அகலம். நாலு அடி உயரத்துக்கு மட்டமாக இருந்தால் 420 கன அடி. அதில் அரை அடி இறங்கினால் அரை யூனிட்டுக்கு மேல் போய்விடும். நான் கேட்பதற்கு முன்பே டிரைவர், “ஏறிப் பாத்துக்கோங்கண்ணே” என்று சொல்லிவிடுகிறார். லோடு கொண்டுவருவதற்கான அனுமதிச் சீட்டான டிரான்சிட் பாஸையும் கேட்காமலே நீட்டுகிறார்.

ரேட்டை ஒவ்வொரு லோடுக்கும் கேட்டுக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரலில் கனிம நில வரியை எதிர்த்து கிரஷர்காரர்கள் ஸ்டிரைக் செய்தார்களே, அதிலிருந்து போன மாத ரேட்டை நம்பி நான் எஸ்டிமேட் போடுவதில்லை. இன்னொன்று, வண்டி புதுச்சேரி நெரிசலைத் தாண்டி வர வேண்டும் என்பதால் பெரும்பாலும் ராத்திரியில்தான் வரும். சைட்டில் வாட்ச்மேன் இல்லையென்றால் தெருவிலேயே கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.