டியூ டேட்களுக்குத் தண்டர்பேர்டு காலண்டர்: ஒரு வரி ஆலோசகரின் அனுபவம்

வரி ஆலோசனைத் தொழிலில் மாதம் முழுக்கக் கெடு தேதிகள்தான். பணம் கொடுக்கும்போதே பிடித்த வரியான டி.டி.எஸ்ஸை 7ஆம் தேதி கட்ட வேண்டும். ஜி.எஸ்.டிக்குத் தாக்கல் செய்யும் ரிட்டர்ன்களில், விற்பனை விவரம் தரும் ஜி.எஸ்.டி.ஆர்-1 11ஆம் தேதி, வரித் தொகையின் சுருக்கமான ஜி.எஸ்.டி.ஆர்-3பி 20ஆம் தேதி. நடுவில் வருமான வரியை முன்கூட்டியே தவணையாகக் கட்டும் அட்வான்ஸ் டாக்ஸ் வேறு. இவை எல்லாவற்றையும் பல வருடங்களாக மொசில்லா தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளில் இருக்கும் காலண்டரில்தான் வைத்திருக்கிறேன். முன்பு இந்தக் காலண்டருக்காக லைட்னிங் என்ற ஆட்-ஆனை (கூடுதல் இணைப்பை)த் தேடிப் போட வேண்டியிருந்தது. 2015இல் 38ஆம் பதிப்போடு சேர்ந்தே வந்தது, 2020இல் 78ஆம் பதிப்பில் மென்பொருளின் பகுதியாகவே ஆகிவிட்டது.

இதை விடாமல் வைத்திருக்க முக்கியக் காரணம், சந்திப்பும் வேலையும் இதில் தனித்தனி. கிளையண்டை 4 மணிக்குப் பார்ப்பது ஈவென்ட். நேரம் முடிந்தால் அதுவும் முடிந்தது. ரிட்டர்ன் அப்படியில்லை. தேதி போனாலும் வேலை அப்படியே நிற்கும், லேட் ஃபீயும் ஏறும். அதனால் டியூ டேட்களை டாஸ்க்காகத்தான் போட வேண்டும். கெடு தாண்டிய டாஸ்க் பட்டியலில் சிவப்பாகத் தெரியும், டிக் அடித்தால்தான் அடங்கும். ஈவென்ட்டாகப் போட்டிருந்தால், போன வாரக் கட்டத்தை யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்?

மாதாமாதம் வருவதற்கு ஒருமுறை மறுநிகழ்வு வைத்தால் போதும். ஆனால் டி.டி.எஸ்ஸில் ஒரு சிக்கல் உண்டு. மார்ச்சில் பிடித்த தொகையைத் தனியார் நிறுவனங்கள் ஏப்ரல் 30 வரை கட்டலாம். ஏப்ரல் 7ஆம் தேதி டாஸ்க்கைத் திறந்தால், இதை மட்டும் திருத்தவா, தொடர் முழுவதையுமா என்று கேட்கும். இதை மட்டும் என்று சொல்லி 30க்குத் தள்ளிவிட்டால் சரி, மற்ற மாதங்கள் அப்படியே இருக்கும்.

தினமும் கைகொடுப்பது இன்னொன்று. "பேங்க் ஸ்டேட்மெண்ட் வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன்" என்று கிளையண்ட் மெயில் போட்டால், அதையே வலது கிளிக்கில் டாஸ்க்காக மாற்றிவிடலாம். மெயிலின் தலைப்பு டாஸ்க்கின் தலைப்பாகும், உள்ளே எழுதியது விவரமாக வந்து உட்காரும். தேதி மட்டும் நாம் போட்டால் போதும். இந்த ஒரு வசதிக்காகவே மெயிலும் காலண்டரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பேன்.

குறை என்றால், தண்டர்பேர்டு திறந்திருந்தால்தான் நினைவூட்டல் வரும். அதனால் கணினி தொடங்கும்போதே அதுவும் திறக்கும்படி வைத்திருக்கிறேன். விட்டுப்போன நினைவூட்டல்கள் அப்போது மொத்தமாக வரும். போனிலும் வேண்டும் என்றால் கூகுள் காலண்டரை இணைக்கலாம். ஆனால் ஈவென்ட்கள்தான் போகும், கூகுள் டாஸ்க்ஸ் அந்த வழியில் வராது. என் தொழிலுக்கு இது பெரிய குறைதான்.

கணினியிலேயே வைத்திருக்கும் காலண்டருக்கு இணையத்தில் நகல் இருக்காது. மாதக் கடைசியில் ஐ.சி.எஸ் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து பென் டிரைவில் போட்டு வைக்கிறேன். அது பொதுவான வடிவம் என்பதால், நாளைக்கு வேறு காலண்டருக்கு மாறினாலும் சந்திப்புகளை அங்கே ஏற்றிக்கொள்ளலாம். டாஸ்க்கையும் எடுத்துக்கொள்ளுமா என்று மட்டும் மாறுவதற்கு முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.