போர் விமானிகளின் நினைவுக் குறிப்புகள்: எதில் தொடங்கலாம், எதை நம்பலாம்

போர் விமானிகளின் புத்தகங்களில் அட்டையில் கொட்டை எழுத்தில் வருவது பெரும்பாலும் ஓர் எண்தான்: இவர் இத்தனை விமானங்களை வீழ்த்தியவர். வாங்கும்போது அந்த எண்ணைக் கண்டுகொள்ளாதீர்கள். இரண்டாம் உலகப் போரில், 1940 செப்டம்பர் 15 அன்று 185 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாக பிரிட்டன் அறிவித்தது. போர் முடிந்து ஜெர்மன் ஆவணங்களைப் புரட்டியபோது கணக்கு சுமார் 60-இல் நின்றது. வேண்டுமென்றே யாரும் புளுகவில்லை. ஒரே விமானத்தை மூன்று பேர் சுடுவார்கள், மூவரும் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்வார்கள். ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் போர் விமானம் முழு விசையில் கீழே பாய்ந்தால் புகை கக்கும், தீப்பிடித்துவிட்டதாக நினைப்பார்கள். தரையில் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தால் பின்னால் வருகிறவன் கதையை முடித்துவிடுவான். ஆகவே விமானி தன் கைகால்களைப் பற்றியும் தன் பயத்தைப் பற்றியும் சொல்வதை நம்பிப் படிக்கலாம். எதிரிக்கு என்ன ஆயிற்று என்று அவர் சொல்வதற்கு வேறு சாட்சி வேண்டும்.

முதலில் வாங்க வேண்டியது ஜெஃப்ரி வெல்லம் எழுதிய 'ஃபர்ஸ்ட் லைட்'. 1940-இல் பிரிட்டிஷ் விமானப்படையின் 92-ஆவது ஸ்குவாட்ரனில் சேர்ந்தபோது அவருக்கு வயது 18. புத்தகம் வெளிவந்தது 2002-இல், எண்பது வயதில். பாதிப் புத்தகம் பயிற்சிதான், அதைத் தாண்டிக்கொண்டு ஓடாதீர்கள். அவர் ஓட்டியது ஸ்பிட்ஃபயர் என்ற போர் விமானம், அன்று அதில் இரண்டு இருக்கை வகை கிடையாது. ஆகவே முதல்முறை ஏறும்போதே தனியாகத்தான் ஏற வேண்டும். ஒன்றைத் தெரிந்துகொண்டு படித்தால் இன்னும் ரசிக்கும். தொடக்ககால ஸ்பிட்ஃபயரில் சக்கரத்தை மடக்க வலப்பக்கம் ஒரு கைப்பம்பு. தரையை விட்டதும் ஸ்டிக்கை (விமானத்தைத் திருப்பும் கைப்பிடியை) இடக்கைக்கு மாற்றி, வலக்கையால் பம்பு அடிக்க வேண்டும். ஒரு கை அடிக்கும்போது மறு கையும் கூடவே ஆடும், விமானம் மேலும் கீழுமாகத் துள்ளிக்கொண்டே போகும். புதிதாக வந்தவனை ஓடுபாதையிலிருந்தே அடையாளம் கண்டுவிடுவார்கள். எட்டு துப்பாக்கிகள் இருந்தும் மொத்தக் குண்டும் சுமார் 15 விநாடிக்குத்தான் வரும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நரம்பு தளர்ந்து போகிற கடைசிப் பகுதியை வெல்லம் மழுப்பாமல் எழுதியிருக்கிறார். எதிரியைக் காட்டிலும் அசதிதான் அவரைத் தோற்கடித்தது.

அதே போர், ஆனால் வேறு குரல் வேண்டுமென்றால் ரிச்சர்ட் ஹிலரியின் 'தி லாஸ்ட் எனிமி' (1942). ஸ்பிட்ஃபயரின் பெட்ரோல் டாங்கி விமானியின் மடிக்கு நேர் முன்னால் இருக்கும். அது தீப்பிடித்தால் தப்பிக்கச் சில விநாடிகளே உண்டு. ஹிலரியின் விமானத்தில் அந்த நேரத்தில் மேல்மூடி திறக்கவில்லை. கையும் முகமும் வெந்துபோயின. அப்போது தீக்காயத்தின் மேல் டானிக் அமிலம் பூசுவது வழக்கம். அது கெட்டியாகப் பொருக்குக் கட்டி விரல்களை மடக்கவிடாமல் செய்துவிடும். கடலில் விழுந்தவர்களின் புண் நன்றாக ஆறுவதைக் கவனித்த அறுவை மருத்துவர் ஆர்ச்சிபால்ட் மக்கிண்டோ, அமிலத்தை விட்டு உப்புநீர்க் குளியலுக்கு மாறினார். இந்தப் பின்னணியோடு மருத்துவமனை அத்தியாயங்களைப் படியுங்கள். நடுவில் ஆக்ஸ்ஃபோர்டு நண்பர்களின் தத்துவப் பேச்சு கொஞ்சம் இழுக்கும். புத்தகம் வந்த சில மாதங்களிலேயே, 1943 ஜனவரியில், ஹிலரி இரவுப் பயிற்சியில் இறந்தார். வயது 23.

ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால் ராபர்ட் மேசனின் 'சிக்கன்ஹாக்' (1983). வியட்நாமில் 1965-66-இல் ஹ்யூயி ஹெலிகாப்டர் ஓட்டியவர். ஹெலிகாப்டர் எப்படிப் பறக்கிறது என்பதைப் பாடநூலைவிட இது நன்றாகச் சொல்லித்தரும். இடக்கையில் கலெக்டிவ், அதை உயர்த்தினால் மேல் விசிறியின் எல்லா இறக்கைகளின் சாய்வும் ஒருசேரக் கூடி மேலே தூக்கும். வலக்கையில் சைக்ளிக், எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கம் போகும். கால்களில் வால் விசிறிக்கான பெடல்கள். கலெக்டிவை உயர்த்தியதும் மூக்கு வலப்பக்கம் திரும்பப் பார்க்கும், இடது பெடலை மிதித்துத்தான் நேராக்க வேண்டும். அந்த மிதி எஞ்சினிடம் கூடுதல் சக்தி கேட்கும். வியட்நாமின் ஆன் கே போன்ற மேட்டு நிலத்தில், மெலிந்த வெயில் காற்றில், அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய ஹ்யூயியிடம் அந்தச் சக்தி இருக்காது. மேல் விசிறியின் சுற்று வேகம் இறங்கும், மேலே தூக்கிய வண்டி அப்படியே உட்கார்ந்துவிடும். அதற்குத்தான் தரையில் சறுக்கிக்கொண்டே 15, 20 நாட் (மணிக்குச் சுமார் 30, 35 கிலோமீட்டர்) வேகம் பிடிப்பது. அந்த வேகத்தில் விசிறிக்குப் புதுக்காற்று கிடைத்து எடை குறைந்ததுபோல எழும். இதெல்லாம் புரிந்தபின் இயா திராங் பள்ளத்தாக்குச் சண்டை அத்தியாயத்தைப் படித்தால், மரங்களுக்கு நடுவே சிறு இடத்தில் இறங்கி ஆளை ஏற்றி வெளியேறுவதன் கனம் தெரியும். கடைசிப் பக்கங்களில் ஓர் அடி காத்திருக்கிறது, இணையத்தில் தேடிக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஜப்பானிய விமானி சபுரோ சகாயின் 'சாமுராய்!' (1957) விறுவிறுப்பில் குறை இல்லை. 1942 ஆகஸ்ட் 7 அன்று பசிபிக் தீவான குவாடல்கனாலுக்கு மேல் தலையில் குண்டு பாய்ந்து, வலக்கண் பார்வை போய், இடப்பக்கம் மரத்த நிலையில் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் பறந்து தன் தளமான ரபாலுக்குத் திரும்பினார். இது உறுதியான செய்தி. ஆனால் ஆங்கில நூலில் மார்ட்டின் கெய்டின், ஃப்ரெட் சைட்டோ இருவரின் கையும் உண்டு. 64 விமானங்கள் என்ற கணக்கை ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. அட்டையில் இரண்டாவது, மூன்றாவது பெயர் இருந்தால் உரையாடல்களைச் சற்றுத் தள்ளி நின்றே படிக்க வேண்டும்.

இந்திய விமானப்படைக்கு வந்தால், தலைமைத் தளபதியாக இருந்த பி.சி. லாலின் 'மை இயர்ஸ் வித் தி ஐ.ஏ.எஃப்' அலுவலகக் கோப்பு வாசனை அடிக்கும் நூல். காக்பிட் பரபரப்பை அதில் தேடாதீர்கள். 1965 போரில் தரைப்படையும் விமானப்படையும் சேர்ந்து திட்டமிடாததைப் பற்றி அவர் எழுதியிருப்பதற்காகவே வாங்கலாம். கூடவே பி.வி.எஸ். ஜகன் மோகன், சமீர் சோப்ரா எழுதிய 'ஈகிள்ஸ் ஓவர் பங்களாதேஷ்' (2013). 1971 போரில் டாக்காவின் தேஜ்காவ் தளத்தில் நின்ற பாகிஸ்தான் விமானங்களைத் தாக்கியபோது கிடைக்காத பலன், இந்தியாவின் மிக்-21-கள் 500 கிலோ குண்டுகளால் ஓடுபாதையைப் பள்ளமாக்கியபோது கிடைத்தது. பாகிஸ்தானின் சேபர் போர் விமானங்களால் எழும்பவே முடியவில்லை. இரு தரப்பு இழப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கும் இம்மாதிரி நூல் ஒன்று அருகில் இருந்தால் நினைவுக் குறிப்புகளில் உள்ள பிசகுகள் தாமாகவே தெரியும்.

ஃபெய்த் ஜான்ஸ்டனின் 'ஃபோர் மைல்ஸ் டு ஃப்ரீடம்' (2013) 1971 போரில் பாகிஸ்தானிடம் கைதான இந்திய விமானிகளின் கதை. 1972 ஆகஸ்டில் ராவல்பிண்டி முகாமின் சுவரைத் துளைத்து பரூல்கர், கிரேவால், சின்ஜி மூவரும் தப்பினார்கள். பெஷாவர், ஜம்ருத், லண்டி கோத்தல் என்று ஆப்கான் எல்லைக்கு மிக அருகே வந்தபின், லண்டி கானாவுக்கு வழி கேட்டதால் சந்தேகத்துக்கு ஆளானார்கள். அவர்களிடம் இருந்த வரைபடத்தில் இருந்த அந்த ரயில் நிலையம் எப்போதோ மூடப்பட்டிருந்தது.

நினைவுக் குறிப்புகளை மின்னூலாக வாங்கலாம், இழப்பில்லை. போர் வரலாற்று நூல்களைத் தாளில் வாங்குங்கள், வரைபடங்களும் அட்டவணைகளும் சின்னத் திரையில் படிக்க வராது. ஜெர்மன் குண்டுவீச்சு விமானி ஹான்ஸ்-உல்ரிக் ருடலின் 'ஸ்டூகா பைலட்' எல்லாப் பரிந்துரைப் பட்டியலிலும் தலைகாட்டும். சாகும்வரை நாஜியாகவே இருந்தவர் எழுதியது. மேலே சொன்னவற்றை முடித்தபிறகு, நூலகத்தில் கிடைத்தால் பார்த்துக்கொள்ளலாம்.