குழுவிலேயே திருத்துவதா, தனியே சொல்வதா?

மொரிசியசில் தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை உண்டு. அதையொட்டி வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒரு வரி வரும்: "காவடி திருவிளாவுக்கு அனைவறும் வருக". ழ வர வேண்டிய இடத்தில் ள, ர வர வேண்டிய இடத்தில் ற.

குழுவிலேயே திருத்தினால் எல்லாருக்கும் ஒரே தடவையில் தெரிந்துவிடும். பிழையான வரி அடுத்த குழுவுக்குப் போகாது. ஆனால் எழுதியவர் யார்? வீட்டில் கிரியோல் (பிரெஞ்சிலிருந்து பிறந்த அந்நாட்டுப் பேச்சுமொழி) பேசி, பள்ளியில் விருப்பப் பாடமாகத் தமிழ் படித்தவர். நாலு பேர் முன்னால் மூக்கறுபட்டால் மறுநாளே ரோமன் எழுத்துக்குத் தாவிவிடுவார். (திருத்துகிறவர்களும் பாதி நேரம் சந்திப்பிழையோடுதான் திருத்துகிறார்கள், அது வேறு கதை.) 2012-இல் தொடக்கப்பள்ளிப் பாடமான கிரியோலைப் பலர் இன்னும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில்தான் தட்டுகிறார்கள்; அதற்கு இவ்வளவு முகச்சுளிப்பு இல்லை.

தனியே சொன்னால் மனம் நோகாது. "ஐயா, திருவிழாவுக்கு ழ வரும், அழிச்சுட்டு மறுபடி போட்டுடுங்க" என்றால் போதும். குறை ஒன்றுதான்: அவர் பார்ப்பதற்குள் பத்துப் பேர் பகிர்ந்திருப்பார்கள்.

அரட்டை என்றால் என் ஓட்டு தனிச்செய்திக்கே. கோயில் பதாகைக்கான வரி என்றால், அச்சகத்துக்குப் போகும் முன் குழுவிலேயே போட்டு உடைத்துவிடுவேன், யார் கோபித்தாலும் சரி.